ஆடு மேய்த்த குரலும் அகில இந்திய விருதும்

பாலக்காட்டு ஜில்லா என்றதும் சங்கீத ரசிகர்களுக்கு நினைவு வருவது கல்பாத்திதான். ஐப்பசி கடைசியில் விசுவநாத சுவாமி கோயில் தேர் ஓடும். அதை ஒட்டி சங்கீத விழா நடக்கும். கோயம்புத்தூர் மில்களிலிருந்தும் திருச்சூர், எர்ணாகுளம் ஆபீஸ்களிலிருந்தும் லீவு போட்டுக் கொண்டு தமிழர்கள் வந்து கூடுவார்கள். காசியில் பாதி கல்பாத்தி என்று இந்த ஊரைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆற்றங்கரை, அக்கிரகாரம், வீட்டுத் திண்ணை, அங்கிருந்து கேட்கும் மிருதங்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பெருமை.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பால பாடம் கற்றது கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரத்தைச் சேர்ந்த சுப்பையரிடம்தான். பிறகு தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் சிட்சை பெற்றார். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) பிறந்ததும் இந்த ஜில்லாவில்தான். 'இவருக்கு யார் குரு?' என்று கேட்டால், மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லக்கூடிய ஊர் இது.

அதே ஜில்லாவில் இன்னொரு மூலை இருக்கிறது. மன்னார்க்காட்டிலிருந்து மலைப்பாதை ஏறி, முக்காலி தாண்டிப் போனால் அட்டப்பாடி. அந்தச் சாலையே மேலும் நீண்டு ஆனைக்கட்டி வழியாகக் கோவையில் இறங்குகிறது. கல்பாத்தி ஆறு மேற்கே போய்ப் பாரதப்புழையில் கலக்கிறது. அட்டப்பாடியின் பவானியோ கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. ஜில்லா ஒன்றுதான். தண்ணீர் ஓடும் திசை வேறு. சங்கீதம் வந்த வழியும் வேறு.

அந்த மலையில் சபா கிடையாது. சுருதிப் பெட்டி கிடையாது. 'யார் குரு?' என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் இந்தியாவின் சிறந்த திரைப்படப் பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது, 2022-ஆம் ஆண்டில் அந்த மலைக்குத்தான் போயிற்று. அதை வாங்கியவர் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த, அறுபது வயதைத் தாண்டிய இருளர் இனத்துப் பெண்மணி. பெயர் நஞ்சியம்மா.

சோறூட்டும் பாட்டு

அட்டப்பாடியில் அகளி, புதூர், ஷோளயூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முதுகர், குறும்பர் என்று மூன்று ஆதிவாசி இனத்தார் அங்கே வாழ்கிறார்கள். அவர்களில் இருளரே பெரும்பான்மை. அவர்களுடைய குடியிருப்புக்கு 'ஊரு' என்று பெயர். அகளிப் பக்கத்தில் நக்குப்பதி என்ற ஊருவில் நஞ்சியம்மாவின் வீடு.

அவர் பாட்டுப் பள்ளிக்குப் போனதில்லை. பாட்டுக்கென்று ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்ததும் இல்லை. காட்டு ஓரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது பாடினார். ஊருவில் கூடி ஆடும்போது பாடினார். பிள்ளைக்குச் சோறூட்டும்போது பாடினார். இருளருக்குப் பாட்டு ஒரு தனி வேலை அல்ல. செய்கிற வேலையோடு கூட வருவது.

விதைப்புக்கு முன் நிலத்தைக் கொத்தும்போது 'கம்பளம்' என்று ஒரு சடங்கு உண்டு. மேளம் முழங்கும், குழல் ஊதும், அந்த ஓசைக்கு ஏற்ப மண்வெட்டி இறங்கும். ராகி, சாமை, தினை, துவரை விளைந்த மலைச்சரிவுகளில் நடந்த விவசாயம் அப்படிப்பட்டது. சாவு வீட்டிலும் மேளம் உண்டு, ஆட்டம் உண்டு. சிவராத்திரியன்று மல்லீஸ்வரன் முடியை நோக்கி மலையேறும்போதும் பாட்டு உண்டு. பொறை, தவில், கொகல் என்னும் நீண்ட குழல், ஜால்ரா ஆகியவையே அவர்களுடைய வாத்தியங்கள். எந்த வாத்தியத்துக்கும் புத்தகம் கிடையாது. பெரியவர் கை போகிற போக்கைப் பார்த்துச் சிறுவன் கை பழகுகிறது. பாட்டி வாய் அசைவதைப் பார்த்துப் பேத்தி வாய் அசைகிறது.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இதற்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள்: கேள்வி ஞானம். காதால் கேட்டே வந்த அறிவு. குருவிடம் முறையாகக் கற்காமல், கேட்டும் தானே முயன்றும் தேர்ந்தவர்கள் நம்முடைய பெரிய வித்வான்களிலேயே இருந்திருக்கிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் (1927–1990) யாரிடமும் வீணை கற்றவரில்லை. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு தாமே வழி கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அவருடைய விரல் வேகத்தைக் குறை சொன்னவர் உண்டு, கொண்டாடியவர் உண்டு. 'அவர் வாசிப்பது வீணையே அல்ல' என்று தள்ளிவிட ஒருவராலும் முடியவில்லை.

நஞ்சியம்மாவின் கேள்வி ஞானம் அதைவிடப் பழைய ரகம். பாலசந்தருக்காவது நகரம் இருந்தது, ரேடியோ இருந்தது, மேடை இருந்தது. இவருக்கு இருந்தது ஊரு மட்டும்தான்.

மலையிலிருந்து மேடைக்கு

நஞ்சியம்மா ஒரே நாளில் 'கண்டுபிடிக்கப்பட்டவர்' என்று சினிமாப் பத்திரிகைகள் எழுதின. அது முழு உண்மை அல்ல. அட்டப்பாடியில் ஆசாத் கலா சங்கம் என்று ஒரு குழு இருந்தது. ஆதிவாசிப் பாட்டையும் ஆட்டத்தையும் மேடை ஏற்றுவதற்காக ஆதிவாசிகளே கூடி நடத்திய குழு. அதை முன்னின்று நடத்தியவர் பழனிச்சாமி என்ற கலைஞர். நஞ்சியம்மா இந்தக் குழுவோடு பல ஊர் மேடைகளில் பாடியவர். மாத்ருபாஷை பற்றிய ஓர் ஆவணப்படத்திலும் அவர் குரல் ஒலித்திருந்தது.

பிறகு வந்தது சினிமா. டைரக்டர் சச்சி, அட்டப்பாடியைக் களமாக வைத்து 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தை எடுத்தார். பிருதிவிராஜும் பிஜு மேனனும் அதன் நாயகர்கள். பழனிச்சாமியும் அதில் நடித்தார். அவர் மூலமாகத்தான் நஞ்சியம்மாவின் பாட்டு சச்சியின் காதுக்கு எட்டியது. கேட்ட மாத்திரத்தில், 'இதுதான் படத்துக்கு முகப்பு' என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பாட்டுக்குக் 'கலக்காத்த' என்று பெயர். தாய் ஒருத்தி பிள்ளைக்கு வேடிக்கை காட்டிச் சோறூட்டும் பாட்டு அது. சந்தன மரம் பூத்திருப்பதைக் காட்டுகிறாள். பூப்பறிக்கப் போகலாமா என்கிறாள். ஆகாயத்தில் போகும் விமானத்தையும் காட்டுகிறாள். நம் வீடுகளில் நிலாவைக் காட்டுவது போல அங்கே மரமும் விமானமும். காட்டுப் பாட்டு என்றால் ஆயிரம் வருஷம் மாறாமல் கிடப்பது என்று நினைப்பவர்கள், அந்த விமானத்தைக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் புதிதாக எது வந்தாலும் பாட்டு அதையும் சேர்த்துக் கொள்கிறது.

ஜேக்ஸ் பிஜாய் இசையமைத்தார். பாடலாசிரியர் என்ற இடத்திலும் நஞ்சியம்மாவின் பெயரே போடப்பட்டது. இது சாமான்ய விஷயமல்ல. கிராமத்துப் பாட்டுகளை எடுத்து, 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு, பாடியவரை மறந்து விடுவதுதான் சினிமா உலகத்தில் நெடுங்காலப் பழக்கம்.

படம் வெளிவருவதற்கு முன்பே பாட்டு பரவிவிட்டது. அதற்கு ஒரு சிறு வீடியோவும் காரணம். பிருதிவிராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமா என்று சச்சி கேட்கிறார். தெரியாது என்று சொல்லிக் குழந்தை போலச் சிரிக்கிறார் நஞ்சியம்மா. கேரளம் முழுவதும் அந்தச் சிரிப்பைப் பார்த்தது. 2020 பிப்ரவரி 7-ஆம் தேதி படம் வெளிவந்தது. ஒரு சிறு வேடத்திலும் அவர் தோன்றியிருந்தார். அதே ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி சச்சி காலமானார். தாம் மேடை ஏற்றிய குரலுக்கு நாடு தந்த மரியாதையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

டில்லியில் எழுந்து நின்ற சபை

68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலை 22-ஆம் தேதி அறிவிக்கப்பட்டன. தமிழர்களுக்கும் அது நல்ல ஆண்டு. 'சூரரைப் போற்று' சிறந்த படமாகத் தேர்வானது. சூர்யாவும் அஜய் தேவ்கனும் சிறந்த நடிகருக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்கு நான்கு விருதுகள். மறைந்த சச்சி சிறந்த டைரக்டர். பிஜு மேனன் சிறந்த துணை நடிகர். சண்டைப் பயிற்சிக்கு ஒரு விருது. சிறந்த பின்னணிப் பாடகி, நஞ்சியம்மா.

மூன்று நாள் கழித்து, ஜூலை 25-ஆம் தேதி, திரௌபதி முர்மு ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். சந்தால் இனத்தைச் சேர்ந்த அவர்தான் இந்தியாவின் முதல் ஆதிவாசி ஜனாதிபதி. செப்டம்பர் 30-ஆம் தேதி டில்லி விஞ்ஞான் பவனில் விருதை அவர் கையாலேயே நஞ்சியம்மா பெற்றுக்கொண்டார். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எழுந்தது ஒரு கேள்வி

விருது அறிவித்த கையோடு ஒரு சர்ச்சையும் கிளம்பியது. இசைத்துறையைச் சேர்ந்த ஒருவர் வீடியோவில் தம் ஆட்சேபத்தைச் சொன்னார். 'நஞ்சியம்மாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் சங்கீதத்துக்கே வாழ்க்கையை அர்ப்பணித்தவர்களுக்கு இது அவமானம் அல்லவா? சுருதி கொடுத்து ஒரு சாதாரணப் பாட்டைப் பாடச் சொன்னால் இவரால் முடியுமா?' என்பது அவர் கட்சி. மலையாளத் திரையிசை உலகைச் சேர்ந்த பல பாடகர்களும் இசையமைப்பாளர்களும் உடனே நஞ்சியம்மாவுக்காகக் குரல் கொடுத்தார்கள். நஞ்சியம்மாவோ அந்தப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆட்சேபம் சொன்னவரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். ஆனால் அவர் கேட்டது பலர் மனசில் இருக்கும் கேள்விதான். கல்பாத்தித் திண்ணையில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாதகம் செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆகையால் அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, இது கச்சேரிக்குக் கொடுக்கும் விருது அல்ல. ஓர் ஆண்டில் வந்த படங்களில், ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பாடிய முறைக்குக் கொடுக்கும் விருது. பரீட்சை எழுதியது அந்தப் பாட்டு. அந்தப் பாட்டை நஞ்சியம்மாவைப் போலப் பாட வேறு யார் இருந்தார்கள்? பயிற்சி பெற்ற குரலைக் கொண்டு அதே பாட்டைப் பாட வைத்திருந்தால் சுருதி சுத்தமாக இருந்திருக்கும். தாய் பிள்ளைக்கு ஊட்டும் சோறு அதில் இருந்திருக்காது.

இரண்டாவது, 'பயிலாதவர்' என்ற வார்த்தையே தவறு. கம்பளத்தில் மேளத்துக்கு மண்வெட்டி போடுகிறவருக்குத் தாளம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? இருட்டில் வட்டமாக நின்று, ஒருவர் அடி எடுக்க, மற்றவர் வாங்கிப் பாடி, மணிக்கணக்காக ஆடும் கூட்டத்தில், ஒருத்தி குரல் மட்டும் விலகினால் வட்டமே குலைந்துவிடும். ஐம்பது வருஷம் அந்த வட்டத்தில் நின்றவர் பயிலாதவரா? பயின்ற இடம் வேறு, அவ்வளவுதான். ஹார்மோனியத்தின் கட்டைக்கு அவர் பழகவில்லை. வட்டத்தில் நிற்கும் பத்துக் குரலுக்குப் பழகியிருக்கிறார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதியும் அல்ல. பாலக்காட்டு மிருதங்கத்தின் கம்பீரத்தைப் பேசுகிறவர்கள், அந்த மண்ணில் கோயிலுக்குக் கோயில் முழங்கும் செண்டையையும் சேர்த்தே பேசுகிறார்கள். பெரிய சங்கீதம் என்பது எப்போதும் சிறிய சங்கீதத்தின் மடியில் வளர்ந்ததுதான்.

மிசிசிப்பியில் ஒரு விவசாயி

இந்தக் கேள்வி அட்டப்பாடிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் தென் பகுதியில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த நீக்ரோ மக்களிடையே 'புளூஸ்' என்ற பாட்டு முறை பிறந்தது. பள்ளிக்கூடத்து சங்கீதம் அல்ல அது. வயல், வறுமை, பிரிவு, சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் ஆகியவற்றின் சங்கீதம். அதன் கிடார்க்காரர்கள் பெரும்பாலும் தாமே கற்றவர்கள்.

அவர்களில் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1890-களின் தொடக்கத்தில் பிறந்து, ஆவலான் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது தாமே கிடார் பழகினார். பகலில் விவசாயம், இரவில் ஊர் ஆட்டத்துக்கு வாசிப்பு. பக்கத்து ஊர் ஃபிடில்காரர் ஒருவர் சொன்ன சிபாரிசால் 1928-இல் ஓகே ரிக்கார்டு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் பாடினார். தட்டுகள் அதிகம் விற்கவில்லை. 1929-இல் அமெரிக்கப் பொருளாதாரமே சரிந்தது. ஹர்ட் கிராமத்துக்குத் திரும்பினார். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் கலப்பையும் மாடுமாகவே அவர் காலம் போயிற்று.

1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளம் ரசிகர், பழைய ரிக்கார்டு ஒன்றில் ஹர்ட் தம் சொந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பாடியிருப்பதைக் கவனித்தார். தேசப் படத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்துப் போனார். ஹர்ட் உயிரோடு இருந்தார். ஆனால் வாசிக்க அவரிடம் கிடார் இல்லை! வந்தவர் தம் கிடாரைக் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் அவரைக் கேட்டார்கள். காங்கிரஸ் நூலகம் அவர் பாட்டுகளைப் பதிவு செய்தது. மூன்றே ஆண்டுகள் அந்தப் புகழை அனுபவித்தார். 1966 நவம்பரில் காலமானார்.

ஹர்ட்டுக்கும் நஞ்சியம்மாவுக்கும் கடல் தாண்டிய தூரம். ஆனாலும் கதை ஒன்றுபோல இருக்கிறது. இருவரும் கூலிக்காகப் பாடியவர்கள் அல்லர். இருவருக்கும் புகழ் முதுமையில் வந்தது. வித்தியாசம் ஒன்று உண்டு. ஹர்ட் தம் ஊர்ப் பெயரை ஒரு தட்டில் விட்டுவைத்திருந்தார், அதைக் கொண்டு அவரைத் தேட முடிந்தது. அட்டப்பாடியில் நஞ்சியம்மாவுக்கு முன்னால் பாடிய பாட்டிகளில் எத்தனை பேருக்குத் தட்டு இருந்தது? எந்தக் கம்பெனியும் அந்த மலை ஏறவில்லை. அவர்கள் பாட்டு பேத்திகளின் வாயில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எழுத்தில்லாத பாஷை

இருளர் பாஷையைக் கேட்கும் தமிழருக்குப் பாதி புரியும். தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழி அது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1973-இல் இருளர் மொழியைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். ஆனால் அதற்குத் தனி எழுத்து இல்லை. அட்டப்பாடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது மலையாளம், எல்லைக்கு அப்பால் உள்ள இருளர் பிள்ளைகள் படிப்பது தமிழ். வீட்டு மொழி வீட்டோடு நின்றுவிடுகிறது.

வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழருக்கு இந்தச் சங்கடம் தெரியாததல்ல. ஆபீஸில் ஒரு பாஷை, பஸ்ஸில் ஒரு பாஷை, அடுப்படியில் ஒரு பாஷை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, 'அம்மா, நீ பேசுவது சரியில்லை' என்று சொல்லும் நாள் ஒன்று வரும். நமக்காவது திரும்பிப் பார்க்க ஒரு மாநிலம் இருக்கிறது. பத்திரிகை இருக்கிறது, சினிமா இருக்கிறது. இருளருக்குத் திரும்பிப் பார்க்க இருப்பது மலை மட்டுமே. அந்தப் பாஷையில் ஒரு பாட்டு நாடெங்கும் ஒலித்து, டில்லி வரை போய் வந்தது என்றால், அட்டப்பாடிச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுப் பேச்சைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை என்று அர்த்தம்.

பாட்டு பிறந்த மண்

ஆனால் மலையும் கைவிட்டுப் போனால்? கதையின் கசப்பான பகுதி இதுதான்.

1951-ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பின்போது அட்டப்பாடியில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர் ஆதிவாசிகள். இருபதே வருஷத்தில், 1971-இல், அது நாற்பத்திரண்டாகக் குறைந்தது. ஆதிவாசிகள் குறையவில்லை, வெளியார் வந்து குவிந்தார்கள். மேற்கே கேரளத்துச் சமவெளியிலிருந்து வந்தார்கள். கிழக்கே தமிழ்நாட்டிலிருந்தும் வந்தார்கள். இதைத் தமிழர்களாகிய நாம் மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. எழுத்துத் தெரிந்தவன் கையில் பத்திரம் இருந்தது. எழுத்துத் தெரியாதவன் கையில் கைநாட்டு மட்டும்தான் இருந்தது. பத்திரம் நிலத்தை எடுத்துக்கொண்டது.

ஆதிவாசி நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-இல் கேரள சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதை அமுலுக்குக் கொண்டுவரும் விதிகள் வருவதற்கு 1986 ஆயிற்று. பிறகு 1999-இல் வேறொரு சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கும் நிலம் வருவதற்கும் இடையே அட்டப்பாடியில் தலைமுறைகள் கழிந்தன. மலைச்சரிவில் சாமையும் ராகியும் குறைந்தன, ரேஷன் அரிசி வந்தது. 2013-இல் ஊட்டமில்லாமல் குழந்தைகள் இறந்த செய்தியால்தான் அட்டப்பாடி என்ற பெயர் நாடு முழுதும் தெரிந்தது. 2018-இல், அரிசி திருடினான் என்று சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கட்டி வைத்து அடித்துக் கொன்ற செய்தி வந்தது. அந்த வரிசையில், 2020-இல்தான் முதல்முறையாக ஒரு பாட்டால் அந்தப் பெயர் வெளியே வந்தது.

பாடிய நஞ்சியம்மாவும் இந்த நிலக் கதைக்கு வெளியே இல்லை. அகளியில் தம் குடும்பத்துக்கு உரிய சுமார் நான்கு ஏக்கர் நிலம் பொய்யான ஆவணத்தால் வேறு கைக்குப் போய்விட்டது என்பது அவர் குடும்பத்தின் வழக்கு. விருது பெற்ற பிறகு இந்த விவகாரம் பத்திரிகைகளில் வந்தது, கேரள சட்டசபையிலும் பேசப்பட்டது. ஜனாதிபதி கையால் பதக்கம் வாங்கியவரும், தம் நிலத்துக்காகச் சர்க்கார் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்க வேண்டியிருந்தது.

ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தா வாசகர்களுக்கு அந்த மனுவின் பயணம் தெரியும். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஒரு காகிதம் போக எத்தனை மாதம் ஆகும், எந்த முத்திரை இல்லாவிட்டால் அது திரும்பி வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எழுத்தே இல்லாத பாஷை பேசுகிற ஒருவருக்கு அந்த மேஜைகள் எவ்வளவு உயரமாக இருக்கும் என்பதையும் அவர்களே நன்றாக ஊகிக்க முடியும்.

கம்பளப் பாட்டு பிறந்தது விதைக்கிற நிலத்தில். நிலம் போனால் விதைப்பு போகும், விதைப்பு போனால் மேளம் எதற்கு? ஆடு மேய்க்க இடம் இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பவள் பாட்டு எங்கே கேட்கும்? விருது கொடுத்துப் பாட்டைக் காப்பாற்றிவிட முடியாது. பாடுகிறவர்கள் அந்த மண்ணில் நின்று வாழ வழி இருந்தால் பாட்டு தானாகவே நிலைக்கும். இதைச் செய்யாமல் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது, மரத்தை வெட்டிவிட்டுப் பூவுக்கு மாலை போடுவது போன்றது.

கல்பாத்தியில் அடுத்த தேரும் வரும், சங்கீத விழாவும் நடக்கும். மணி ஐயர் பெயரையும் செம்பையின் பெயரையும் சொல்லிப் பெருமைப்படுவோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த வரிசையில் பாலக்காட்டு ஜில்லாவின் இன்னொரு பெயரையும் தயங்காமல் சேர்த்துச் சொல்லலாம். குரு இல்லாமல், சபா இல்லாமல், எழுத்தும் இல்லாமல் வந்த சங்கீதத்தை டில்லி வரை கொண்டுபோனவர் நஞ்சியம்மா. அவர் கேட்பது இன்னொரு பதக்கம் அல்ல, நான்கு ஏக்கர் நிலம்.